பிக் பாஸ் வீடும் நெடுந்தொடர் வீடும்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்த் தொலைக்காட்சியில் மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டு வகையான வீடுகள் உள்ளன. ஒன்றில் மாமியாரும் மருமகள்களும் எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறார்கள். மற்றொன்றான பிக் பாஸ் வீட்டில், நூறு நாள் அடைத்துவைக்கப்பட்டு வாரந்தோறும் மக்கள் வாக்குக்கு ஏற்ப வெளியேற்றப்படும், யாரும் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை என்று நமக்குச் சொல்லப்பட்டுள்ள போட்டியாளர்கள், ஏறத்தாழ அதே சண்டைகளைப் போடுகிறார்கள். இரண்டையும் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்து, கல்யாண வீட்டுப் பந்தியிலும் அலுவலகத் தேநீர் இடைவேளையிலும் வாதாடி வரும் ஒருவர் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு இருக்கிறது. அதை மறைக்க நான் முயலவில்லை.

பிக் பாஸ் தமிழில் 'நல்லவர்' என்று பெயரெடுத்தவர்தான் வெல்கிறாரா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித் தோன்றும். 2018-இல் இரண்டாவது சீசனை வென்ற ரித்விகா, குரலை உயர்த்தாமல் நியாயத்தைச் சொல்பவர் என்ற பெயரோடு வென்றார். 2021 ஜனவரியில் நான்காவது சீசனை வென்ற ஆரி அர்ஜுனனை நேர்மைக்காரர் என்று அவருடைய ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் 2019-இல் வென்ற மலேசியத் தமிழர் முகேன் ராவ், கோபத்தில் கட்டிலைக் குத்தி உடைத்தவர். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களே பின்னர் அவருக்கு வாக்களித்தார்கள்.

எனவே 'நல்லவர்' என்ற சொல் இங்கே சரியாகப் பொருந்துவதாக எனக்குப் படவில்லை. நம் பார்வையாளர்கள் தேடுவது, புகுந்த வீட்டில் எல்லாரும் ஒன்றுசேர்ந்து ஒதுக்கி வைக்கும் மருமகளை. அந்த இடத்தில் யார் வந்து அமர்கிறாரோ, அவர் ஆணாக இருந்தாலும் சரி, பெண்ணாக இருந்தாலும் சரி, அவருக்கு வாக்கு குவிகிறது. ஆரியின் அறிவுரைகள் வீட்டுக்குள் இருந்த பலருக்குச் சலிப்பூட்டின. அவர்கள் அந்தச் சலிப்பை வெளிப்படையாகக் காட்டக் காட்ட, வெளியில் அவருடைய ஆதரவு வளர்ந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. தெரிந்தாலும் நூறு நாள் அடக்கிக்கொண்டு இருக்க அவர்களால் முடிவதில்லை.

முதல் சீசன் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் ஓவியாவைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்?

மேலே சொன்ன மருமகள் கணக்கைத் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு முதன்முதலில் போட்டுக் காட்டியவர் அவர் என்பதால். 2017 ஜூன் 25 அன்று விஜய் தொலைக்காட்சியில் முதல் சீசன் தொடங்கியபோது, இந்த நிகழ்ச்சியை எப்படிப் பார்ப்பது என்றே யாருக்கும் பிடிபடவில்லை. ஒரு வீட்டில் சிலரை அடைத்துவைத்து, அவர்கள் பல் துலக்குவதையும் பாத்திரம் கழுவுவதையும் எதற்காகப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். இரண்டு வாரங்களில் அந்தப் பெரியவர்கள்தாம் ஒன்பது மணிக்கு முன்பாகவே சாப்பாட்டை முடித்துவிட்டு அமர்ந்தார்கள். அதற்குக் காரணம் ஓவியா.

'களவாணி' படத்தின் நாயகியாக அறியப்பட்டிருந்த அவர், வீட்டுக்குள் எவரையும் திருப்திப்படுத்த முயலவில்லை. பிடிக்காத பேச்சு வந்தால் எழுந்து போனார், தனியாக ஆடினார், மழையில் நனைந்தார். மற்றவர்கள் அவரைக் குறித்துக் கூடிக் கூடிப் பேசியபோது, 'நீங்க ஷட்டப் பண்ணுங்க' என்ற ஒரே வரியில் பதில் சொன்னார், அந்த வரி ஊரெங்கும் பேச்சுவழக்காயிற்று. சமூக ஊடகங்களில் 'ஓவியா ஆர்மி' என்ற பெயரில் ரசிகர்கள் திரண்டார்கள். ஒரு போட்டியாளரின் பெயருக்குப் பின்னால் 'ஆர்மி' சேர்க்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது அப்போதுதான்.

ஆகஸ்ட் மாதத்தில் அவர் மன உளைச்சலோடு தாமாகவே வெளியேறினார். ஆரவ் பட்டம் வென்றார், சிநேகன் இரண்டாமிடம் பெற்றார். ஆனால் அந்த ஆண்டின் வெற்றியாளர் யார் என்று இன்று கேட்டால், பத்தில் சிலராவது சற்று யோசித்துவிட்டுத்தான் ஆரவின் பெயரைச் சொல்வார்கள். இதில் ஆரவின் குற்றம் ஒன்றுமில்லை. நாயகி பாதியில் வெளியேறிய கதையில் கடைசிவரை நின்றவருக்கு அந்தச் சங்கடம் நேரத்தான் செய்யும்.

இந்தப் புகழுக்கு ஒரு கறுத்த பக்கமும் இருந்தது. ஓவியாவுக்கு எதிராக நின்றவர்களை, குறிப்பாக ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினாவில் எழுப்பிய முழக்கங்களால் அறியப்பட்ட ஜூலியை, ரசிகர்கள் நடத்திய விதம் கொடுமையானது. வீட்டுக்குள் சில வாரங்கள் தவறாக நடந்துகொண்டதற்கு வெளியில் ஆண்டுக்கணக்கில் வசவு வாங்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது. நானும் அப்போது சில கேலிப் படங்களைச் சிரித்துக்கொண்டே நண்பர்களுக்கு அனுப்பினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

'குறும்படம்' என்பது என்ன? அது உண்மையைக் காட்டுகிறதா?

வீட்டுக்குள் ஒருவர் சொன்னதற்கும் கேமராவில் பதிவானதற்கும் வேறுபாடு இருந்தால், அந்தப் பதிவை வார இறுதி நிகழ்ச்சியில் எல்லார் முன்னிலையிலும் போட்டுக் காட்டுவதைக் குறும்படம் என்கிறார்கள். முதல் சீசனில் தொகுப்பாளர் கமல்ஹாசன் இதைச் செய்தபோது பார்வையாளர்களுக்குக் கிடைத்த திருப்தியை விவரிக்கச் சொற்கள் போதா. நெடுந்தொடரில் நாயகியின் மீது விழுந்த பழி நீங்குவதற்கு ஆறு மாதம் காத்திருந்து பழகியவர்களுக்கு, ஒரே வாரத்தில் சான்றோடு பழி நீங்கியது புதுமையாக இருந்தது. இன்றும் கணவன் மனைவி சண்டையில்கூட 'குறும்படம் போடவா' என்று கேட்பவர்கள் உண்டு.

அது பதிவான உண்மைதான். ஆனால் எதைக் குறும்படமாகப் போடுவது, எதைப் போடாமல் விடுவது என்று முடிவு செய்பவர் வேறொருவர். ஒவ்வொரு சீசனிலும் 'இதற்கு ஏன் குறும்படம் இல்லை' என்று ரசிகர்கள் கேட்பதற்கு அதுவே காரணம். அந்தக் கேள்வி பெரும்பாலும் நியாயமானது.

'சேஃப் கேம்' ஆடுகிறார் என்று யாரைச் சொல்கிறார்கள்?

தமக்குப் பிடிக்காத போட்டியாளர் அமைதியாக இருந்தால் சேஃப் கேம். பிடித்த போட்டியாளர் அமைதியாக இருந்தால் பக்குவம்.

மூன்றாவது சீசனில் தர்ஷன் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேறியது எப்படி?

இலங்கையிலிருந்து வந்த தர்ஷன்தான் 2019-இன் வெற்றியாளர் என்று பலர் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தார்கள். இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு அவர் வெளியேற்றப்பட்டபோது எழுந்த கூச்சலில், வாக்குகளையே எண்ணுவதில்லை என்ற குற்றச்சாட்டு பலமாகக் கேட்டது. வாக்கு விவரங்கள் முழுமையாக வெளியிடப்படாத நிகழ்ச்சியில் இந்தச் சந்தேகம் எழுவது இயல்பே. ஆயினும் அந்த வெளியேற்றத்துக்கு எளிமையான விளக்கம் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாரந்தோறும் நாம் அளிப்பது காப்பாற்றும் வாக்கு. வெளியேற்றத்துக்கான நாமினேஷன் பட்டியலில் உள்ளவர்களில் எவர் ஆபத்தில் இருக்கிறார் என்று நாம் நினைக்கிறோமோ அவருக்குத்தான் கை போகும். 'இவரை எப்படியும் காப்பாற்றிவிடுவார்கள்' என்று நம்பும் போட்டியாளருக்கு வாக்களிக்க மறந்துபோகும். சக போட்டியாளர் கவின் அந்தச் சமயத்தில்தான் 5 இலட்சம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு வெளியேறியிருந்தார். அவருடைய ரசிகர் கூட்டம் பெரியது. 'சரவணன் மீனாட்சி' தொடரின் வேட்டையனாக அவரை ஏற்கெனவே நெஞ்சில் வைத்திருந்த கூட்டம் அது. அந்த வாக்குகள் வீட்டுக்குள் அவரோடு நெருக்கமாக இருந்த லாஸ்லியாவின் பக்கம் போயின என்று ரசிகர்கள் அன்று சொன்னது எனக்குப் பொருத்தமாகவே பட்டது. தங்கள் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்குவான் என்று உறுதியாக இருந்தவர்கள் ஹால் டிக்கெட் எடுத்துவைக்க மறந்தது போன்ற கதை தர்ஷனுடையது. இறுதி மேடையில் முகேன், சாண்டி, லாஸ்லியா, ஷெரின் ஆகிய நால்வர் நின்றார்கள்.

பணப்பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறுபவர் தோற்றவரா?

இறுதிப் போட்டிக்குச் சற்று முன்பு, ஆட்டத்தை விட்டு விலக ஒப்புக்கொள்பவருக்குத் தரும் தொகைதான் பணப்பெட்டி. அதை எடுப்பவரைக் கணக்குத் தெரிந்தவர் என்று சொல்வேன். பரிசுத்தொகை 50 இலட்சம் என்று அறிவிக்கப்படும் போட்டியில் நான்காமிடமோ ஐந்தாமிடமோ வரக்கூடிய ஒருவருக்குக் கடைசி மேடையில் கிடைப்பது கைதட்டல் மட்டுமே. ஐந்தாவது சீசனில் சிபி 12 இலட்சத்தோடும், ஏழாவது சீசனில் பூர்ணிமா 16 இலட்சத்தோடும் வெளியேறினார்கள். இருவரும் இறுதி வரை இருந்திருந்தால் பட்டம் வென்றிருப்பார்கள் என்று அவர்களுடைய தீவிர ரசிகர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். கவின் வெளியேறிய சில ஆண்டுகளில் 'டாடா' படத்தின் நாயகனாக வெற்றிபெற்றார். பட்டம் இல்லாதது அவருக்கு எந்தக் குறையையும் வைக்கவில்லை.

எட்டாவது சீசனில் இதையே ஓட்டப் பந்தயமாக்கினார்கள்: வீட்டை விட்டு ஓடிச் சென்று பெட்டியை எடுத்து, குறித்த நொடிகளுக்குள் திரும்பிவிட்டால் ஆட்டத்தில் தொடரலாம். ஜாக்குலின் நொடிக்கணக்கில் தாமதித்ததால் வெளியேற நேர்ந்தது. வாரக்கணக்கில் நாமினேஷன் பட்டியலில் நின்று மக்கள் வாக்கால் தப்பிவந்த ஒருவரை ஓட்ட வேகம் வெளியேற்றியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஆறாவது சீசனில் விக்ரமன் வென்றிருக்க வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஆம் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். என் சொந்த வாக்கும் விக்ரமனுக்கே போயிற்று. வீட்டுக்குள் யாருடைய உடல், தொழில், பின்னணி குறித்து இழிவாகப் பேசப்பட்டாலும் தயங்காமல் குறுக்கிட்டவர் அவர். மாறாக, 2023 ஜனவரியில் பட்டம் வென்ற அசீம், வாக்குவாதங்களில் எல்லை மீறியதற்காகக் கமல்ஹாசனிடம் வார இறுதிகளில் பலமுறை கண்டிக்கப்பட்டவர்.

ஆனால் அசீமுக்கு வாக்களித்தவர்களையும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தொலைக்காட்சியில் ஓடியது வேறு கதை. ஒரு மனிதன் தனியாக நிற்கிறான், வீடு மொத்தமும் அவன்மீது பாய்கிறது, தொகுப்பாளரும் வாரந்தோறும் அவனையே நிற்கவைத்துக் கேட்கிறார் என்றுதான் அவர்கள் பார்த்தார்கள். கண்டிக்கப்படக் கண்டிக்கப்பட அவருக்கு ஆதரவு கூடியது. மருமகளின் நாற்காலியில் அவரை அமர்த்திவிட்டார்கள். விக்ரமனின் பக்கத்தில் 'அறம் வெல்லும்' என்ற முழக்கம் இருந்தது. அவர் சார்ந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தலைவர் தொல். திருமாவளவன் வெளிப்படையாக ஆதரவு கோரினார். அது வாக்குகளைக் கொண்டுவந்திருக்கலாம்; அரசியல் காரணமாகவே அவரை எதிர்த்து வாக்களிக்கவும் சிலரைத் தூண்டியிருக்கலாம். ஒரு வீட்டுச் சண்டை திடீரென்று இடைத்தேர்தலாகிவிட்டது. திருநங்கையான ஷிவின் கணேசன் மூன்றாமிடம் வரை வந்ததை அந்த ஆரவாரத்தில் பேசவேண்டிய அளவுக்கு யாரும் பேசவில்லை. அந்தச் சீசனில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

பிரதீப் ஆண்டனிக்கு ரெட் கார்டு கொடுத்தது சரியா? அர்ச்சனாவின் வெற்றிக்கு அதுதான் காரணமா?

2023 நவம்பரில், ஏழாவது சீசனில், பெண் போட்டியாளர்கள் பலர் பிரதீப்பின் பேச்சும் நடத்தையும் தங்களுக்குப் பாதுகாப்பற்ற உணர்வைத் தருவதாகக் கூறியதை அடுத்து, கமல்ஹாசன் அவருக்கு ரெட் கார்டு கொடுத்து வெளியேற்றினார். பார்வையாளர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். பாதுகாப்புக் குறித்து பெண்கள் அச்சம் தெரிவித்த பிறகு அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட முடியாது என்ற வாதத்தை ஏற்கிறேன். அதே வேளையில், குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்பதற்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம் என்ற குறையையும் தள்ளிவிட முடியவில்லை. குறும்படம் போட்டே பழக்கிய நிகழ்ச்சி, மிகப் பெரிய தண்டனையைக் கொடுத்தபோது போதிய குறும்படம் போடவில்லை என்று பார்வையாளர்களுக்குத் தோன்றியது.

அர்ச்சனாவைப் பொறுத்தவரை, அந்த நிகழ்வு பெரிய காரணம் என்றே கருதுகிறேன். போட்டி தொடங்கியபின் இடையில் சேர்க்கப்படும் வைல்டு கார்டு போட்டியாளராக அவர் நுழைந்து சில நாட்களே ஆகியிருந்தன. ரெட் கார்டைக் கேள்வி கேட்டு, மாயா, பூர்ணிமா உள்ளிட்டோரை எதிர்த்து நின்றபோது, ரசிகர்கள் அந்த அணிக்குப் 'புல்லி கேங்' என்று பெயர் வைத்தார்கள்; அணி ஒன்று உருவானதும் அதற்கு எதிரே தனியாக ஒருவர் நிற்க வேண்டுமல்லவா, அந்த இடம் அர்ச்சனாவுக்குக் கிடைத்தது. 2024 பொங்கல் நேரத்தில் அவர் பட்டம் வென்றார். தமிழில் வைல்டு கார்டு வழியாக வந்து வென்ற முதல் போட்டியாளர் அவர்.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருப்பது ஒன்று. 'ராஜா ராணி'யின் இரண்டாம் பாகத்தில் நாயகி சந்தியாவுக்கு எதிராக நாள்தோறும் சூழ்ச்சி செய்த ஓரகத்தியாக நடித்தவர் இதே அர்ச்சனா. அன்று அவரைத் திட்டித் தீர்த்த வரவேற்பறைகளிலிருந்தே வாக்குகள் வந்தன. ஒரு தொடரில் ஓரகத்தி, அடுத்த வீட்டில் மருமகள்.

கமல்ஹாசனா, விஜய் சேதுபதியா?

2017 முதல் ஏழு சீசன்களைத் தொகுத்தளித்த கமல்ஹாசன் 2024-இல் விலகிக்கொண்டார். அவர் நீண்ட வாக்கியங்களில் சுற்றிவந்து இடித்துரைப்பார். நடுவே ஒரு புத்தகத்தையும் பரிந்துரைப்பார். எட்டாவது சீசனிலிருந்து வந்த விஜய் சேதுபதி, சுற்றி வளைத்துப் பேசும் போட்டியாளரைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார். எனக்குப் புத்தகப் பரிந்துரைகள் இல்லாதது குறையாகத் தெரிகிறது. போட்டியாளர்கள் பேசி முடிக்க இடம் வேண்டும் என்றும் சில நேரங்களில் தோன்றுகிறது.

சூப்பர் சிங்கரில் நன்றாகப் பாடியவர்தான் வெல்கிறாரா?

ஒரு பாட்டுப் போட்டியின் கடைசிச் சுற்றில் மக்கள் வாக்கு இருக்கும்வரை, 'நன்றாக' என்ற சொல்லுக்குப் பல பொருள்கள் இருக்கும். 2018-இல் ஆறாவது சீசனை நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றபோது, இது திரையிசைப் பாடகரைத் தேடும் போட்டி, இதில் நாட்டுப்புறப் பாடல் மட்டும் பாடி வெல்லலாமா என்று கேட்டார்கள். அவரும் அவருடைய மனைவி ராஜலட்சுமியும் அந்த மேடைக்குக் கொண்டுவந்த பாடல்களை வயல்வெளியிலும் திருவிழாவிலும் கேட்டு வளர்ந்தவர்கள் வாக்களித்தார்கள். கருநாடக இசைப் பயிற்சியை அளவுகோலாக வைத்திருந்தவர்கள் வருந்தினார்கள். அடுத்த ஆண்டு மூக்குத்தி முருகன் வென்றபோதும் அதே வாதம் திரும்பியது. செந்தில் கணேஷ் வெற்றியை நான் வரவேற்றேன். அளவுகோலை யார் வைத்திருக்கிறார் என்ற கேள்வியை அந்த ஆண்டு மிகச் சாதாரண வீடுகளில் பேசக் கேட்டேன். ஒரு பாட்டுப் போட்டி அந்தப் பேச்சைக் கொண்டுவந்ததே பெரிது.

'சிறகடிக்க ஆசை'யில் ரோகிணியின் பொய்களை ஏன் இவ்வளவு இழுத்தார்கள்?

2023 ஜனவரியில் தொடங்கிய இந்தத் தொடர் குறித்து என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: அண்ணாமலை, விஜயா தம்பதியின் மூத்த மருமகளாக வந்த ரோகிணி, தன் அப்பா மலேசியாவில் பெரும் பணக்காரர் என்று சொல்லி வந்தவள். அவளுக்கு முன்பே திருமணமாகி, கிரிஷ் என்ற மகன் இருக்கிறான். பணத்தை எதிர்பார்த்து அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடும் விஜயா, பூக்கட்டிப் பிழைக்கும் குடும்பத்திலிருந்து வந்த மீனாவை வேலைக்காரியைப் போல நடத்துகிறாள். மீனாவின் கணவனான, கார் ஓட்டும் முத்து, ரோகிணியைப் 'பார்லரம்மா' என்று அழைத்துக்கொண்டு, ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கிறான்.

உண்மை வெளிப்பட்டால் கதை முடிந்துவிடும் என்பது வெளிப்படையான காரணம். ஆனால் இழுத்ததை மட்டும் குறைசொல்வது இத்தொடருக்கு நாம் செய்யும் அநியாயம். ரோகிணி எழுதப்பட்டிருக்கும் விதத்தில் ஒரு சாமர்த்தியம் உண்டு: ஒவ்வொரு முறையும் அவள் மாட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்து, இன்னும் பெரிய பொய்யைச் சொல்லித் தப்பிக்கும்போது, பார்ப்பவருக்கு எரிச்சலோடு சிறு நிம்மதியும் ஏற்படுகிறது. கறிக்கடைக்காரர் ஒருவரை மலேசியா மாமாவாக நடிக்க வைத்து வீட்டுக்கு அழைத்துவந்த காட்சிகளில், அவர் உளறிவிடக் கூடாதே என்று என் அத்தை வேண்டிக்கொண்டதை நானே கண்டேன். அவர் நாள்தோறும் ரோகிணியைச் சபிப்பவர். பெற்ற மகனைத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டியவளாகவும் அவளைக் காட்டியிருக்கிறார்கள் என்பதால், முழுவதும் வெறுக்கவும் முடிவதில்லை.

எனக்கு உண்மையான மனக்குறை மீனாவிடத்தில்தான். அவமானத்தைத் தாங்கிக்கொள்வதையே அவளுடைய பெருமையாக நெடுநாள் எழுதினார்கள். மாமியாரிடம் அவள் எதிர்த்துப் பேசும் நாட்களில் வீட்டில் கைதட்டல் எழுகிறது; மறுநாள் காலை அவளே அதே மாமியாருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரன் கொடுமைக்காரன். அவரை எப்படி இவ்வளவு பேர் ரசித்தார்கள்?

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய எதிர்நீச்சலை இயக்கியவர், முன்பு 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வம். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் முடக்கிய வீட்டின் தலைமகன் ஆதி குணசேகரன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நால்வரும் அவரிடமிருந்து மூச்சுவிட இடம் தேடுவதே கதை. அந்த வீட்டு அப்பத்தாவின் 40 சதவீதச் சொத்துப் பங்கு யாருக்கு என்ற கேள்வியைத் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஆண்கள் விவாதித்ததை நான் கேட்டிருக்கிறேன். நெடுந்தொடர் பெண்களுக்கானது என்று சொல்லித் திரிந்தவர்கள்தாம் அவர்கள்.

குணசேகரனாக நடித்த மாரிமுத்து, 'கண்ணும் கண்ணும்' போன்ற படங்களை இயக்கியவர். அவர் அந்த வில்லனைக் கண்ணை உருட்டிக்கொண்டு, பின்னணி இசைக்கு நடக்கும் வில்லனாகச் செய்யவில்லை. 'ஏய், இந்தாம்மா' என்று அவர் ஆரம்பிக்கும்போது, நம்மில் பலருக்கு நம் பெரியப்பாவோ மாமாவோ சாய்வு நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தது நினைவுக்கு வந்தது. வட்டார வழக்கின் இழுவை, நடுநடுவே வரும் நக்கல், தான் செய்வது முழுக்க நியாயம் என்ற அசையாத நம்பிக்கை, எல்லாம் அச்சாக இருந்தன. சிரித்தவர்கள் அந்த ஆணாதிக்கத்தை ஆதரித்தார்கள் என்று சிலர் எழுதியதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நேரில் சிரிக்க முடியாத ஒருவரைப் பார்த்துத் திரையில் சிரித்தார்கள். ஆனாலும் ஒரு தயக்கம் இருக்கிறது: நகைச்சுவை கூடக் கூட, மருமகள்களின் கதை பின்னுக்குப் போய், அடுத்து அவர் என்ன வசனம் பேசுவார் என்பதே பார்க்கும் காரணமாயிற்று. குணசேகரனின் தங்கை ஆதிரைக்கு விருப்பமில்லாத திருமணத்தை நடத்தி முடித்த நாட்களில் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை.

'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டால் ரசிகர்கள் ஏற்கிறார்களா?

பாத்திரத்தைப் பொறுத்தது. 'ராஜா ராணி' இரண்டாம் பாகத்தில் ஆல்யா மானசா மகப்பேற்றுக்காக விலகியபின் ரியா சந்தியாவாக வந்தார், முணுமுணுத்துவிட்டுப் பார்த்தார்கள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்த காவ்யா, ஒரு துக்கத்தின் நடுவில் நடிக்க வேண்டியிருந்தது. அவரை ஒப்பிட்டு எழுதியவர்கள் சற்றுப் பொறுத்திருக்கலாம்.

மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, எதிர்நீச்சலுக்காக டப்பிங் பேசச் சென்ற நாளிலேயே காலமானார். எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். அவருடைய குணசேகரன் இன்னும் இறுக்கமானவர், அச்சுறுத்துபவர். கதைக்கு அது பொருத்தம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பார்வையாளர்களுக்கு வேண்டியிருந்தது பழைய குரல். 2024 ஜூனில் தொடர் முடிந்தது, அதே ஆண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மீண்டும் தொடங்கியபோது ஜனனியாகவும் வேறொருவர் வந்தார். மதுமிதாவின் ஜனனியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சில வாரங்கள் பிடித்தன, அவ்வளவுதான். குணசேகரனுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

ரசிகர்கள் எழுதுவதைப் பார்த்துக் கதையை மாற்றுகிறார்களா?

கருத்துகளைவிட எண்களைப் பார்த்து மாற்றுகிறார்கள். எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பு தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்தியுள்ள கருவிகள் வழியாகத் திரட்டும் டிஆர்பி விவரம் வியாழக்கிழமைதோறும் வெளிவருகிறது. புள்ளிகள் இறங்கினால் ஒரு கல்யாணம், ஒரு கடத்தல், அல்லது இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே மண்டபத்தில் கூட்டும் 'மகா சங்கமம்' வருவதை நாம் எதிர்பார்க்கலாம். அப்போதும் ஏறாவிட்டால் தொடர் பிற்பகலுக்குத் தள்ளப்படும். இதனால் ஒரு வினோதம் நேர்கிறது: பிடிக்காத காட்சிப் போக்கைத் திட்டிக்கொண்டே நாள்தவறாமல் பார்ப்பவர், கருவியின் கணக்கில் ரசிகராகவே பதிவாகிறார்.

பாக்கியலட்சுமி எங்கே முடிந்திருக்க வேண்டும்?

2020 ஜூலையில் தொடங்கிய அந்தத் தொடர் ஐந்து ஆண்டுகள் ஓடி 2025 ஆகஸ்டில் முடிந்தது. ராதிகாவுடனான உறவை மறைத்து இரண்டு வீடுகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்த கணவன் கோபியின் குட்டு உடைந்து, நாயகி பாக்கியா தானே முன்வந்து விவாகரத்து கொடுத்த நாளில் முடித்திருக்கலாம் என்பது என் கருத்து. அடுப்படியைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று சொல்லப்பட்டவள், நீதிமன்றத்தில் கையெழுத்திட்டுவிட்டு வெளியே நடந்து வந்த காட்சிக்குப் பிறகு அந்தத் தொடர் புதிதாக எதையும் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பில் இதை நான் சொன்னபோது, கீழ்வீட்டு அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கோபி அதற்குப் பிறகு பட்ட பாட்டைப் பார்க்காமல் எப்படி முடிப்பது என்பது அவருடைய கேள்வி.